புதன்கிழமை பத்தரை மணி, ரேபர்ன் பில்டிங்

வாஷிங்டன்ல ஒரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மெம்பரோட காலெண்டர்ல புதன்கிழமை காலைல 10:30-க்கு உங்க பேர் ஏறிடுச்சுன்னா, அதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். 10:30-க்கு அவர் ஆஃபீஸ் வாசல்ல நீங்க நிக்கணும். அவர் உள்ள இருப்பாரா, இருந்தா உங்களைப் பாப்பாரா, பாத்தா உக்காந்து பேசுவாரா இல்ல நடந்துக்கிட்டே பேசுவாரா, இதெல்லாம் அந்த இன்வைட்ல இருக்கற மாதிரிதான் தெரியும், இருக்காது.

நான் இங்க லாபியிஸ்ட், அதாவது ஒரு அமைப்புக்காக மெம்பருங்ககிட்ட போய் சட்டம் பத்திப் பேசற ஆள். முறையா ரெஜிஸ்டர் பண்ணி கணக்கு குடுக்கற லாபியிஸ்ட். அந்தப் பேரைக் கேட்டாலே நம்மாளுங்களுக்கு ராத்திரி ஹோட்டல் ரூம்ல பெட்டி கைமாறுற சீன்தான் ஞாபகம் வருது, எங்க சித்தப்பா இன்னும் "புரோக்கர் வேலைதானப்பா"னுதான் சொல்றார், நானும் ஆமா சித்தப்பான்னு விட்டுட்டேன். நான் வேலை பாக்கறது கிராமத்துப் பக்கம் இருக்கற சின்னச் சின்ன கிளினிக்குகளோட சங்கத்துக்கு. எங்ககிட்ட பெட்டியும் கிடையாது, அதை வைக்க ரூமும் கிடையாது. முக்கால்வாசி நேரம் நான் பண்றது டைம் கேக்கறது, கேட்ட டைமை மாத்தறது, மாத்தின டைமுக்குப் போய் கால் கடுக்க நிக்கறது. மிச்ச கால்வாசிலதான் மசோதா, மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு) எல்லாம்.

மொதல்ல இந்த ஊர் வாரத்தைப் புரிஞ்சுக்கணும். அஞ்சு நாள் வேலைனு நெனச்சு பிளான் போட்டா தீந்துச்சு கதை. மெம்பருங்க எல்லாம் அவங்கவங்க ஊர்ல இருந்து பறந்து வர்றவங்க, அதனால காங்கிரஸோட ரெண்டு சபைல, பிரதிநிதிகள் சபையான ஹவுஸ்ல வாரத்தோட மொத ஓட்டு பெரும்பாலும் சாயங்காலம் 6:30-க்குதான், மேல்சபையான செனட்ல திங்கக்கிழமை 5:30 வாக்குல. வியாழக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா எல்லாருக்கும் ஏர்போர்ட் ஞாபகம் வந்துடும், ரீகன் நேஷனல் ஆத்துக்கு அந்தாண்டதான் இருக்கு, கடைசி ஓட்டைப் போட்டுட்டு படி இறங்கினா நேரா கார்தான். ஆக நமக்கு மிஞ்சறது செவ்வா, புதன், வியாழன் காலைல கொஞ்சம். அதுலயும் செவ்வாய்க்கிழமை முழுசா கிடையாது, செனட்ல ரெண்டு கட்சிக்காரங்களும் தனித்தனியா கூடி சாப்பிடறதுக்காக 12:30-ல இருந்து 2:15 வரைக்கும் சபையையே நிறுத்தி வெச்சுடுவாங்க, அந்த நேரத்துல தலைகீழா நின்னாலும் ஒரு செனட்டர் சிக்க மாட்டார். அதனாலதான் புதன்கிழமையானா அந்த காரிடார்கள்ல மாட்டுப்பண்ணைக்காரங்க, பைலட்டுங்க, பல் டாக்டருங்க, காலேஜ் பசங்கன்னு கூட்டம் கூட்டமா கழுத்துல ஒரே கலர் பேட்ஜ் மாட்டிக்கிட்டு அலையோ அலைன்னு அலையறது. மார்ச் மாசம்னா இன்னும் மோசம். நிதி ஒதுக்கீட்டுக்கு மெம்பர்கள் கோரிக்கை குடுக்கற கெடு பெரும்பாலும் அந்த சமயத்துலதான் வரும், செர்ரி பூவும் அப்பதான் பூக்கும், ஹோட்டல்காரன் விலையை எங்கயோ கொண்டு போய் நிறுத்தியிருப்பான்.

அப்புறம் மணி. நிஜமாவே மணி அடிப்பாங்க. ஆஃபீஸ் பில்டிங் பூரா சுவத்துல கடிகாரம் இருக்கும், அதுல குட்டிக் குட்டியா லைட்டு, சபைல ஓட்டுன்னா மணியும் அடிக்கும் லைட்டும் எரியும். ஹவுஸ் பக்கம் ரெண்டு தடவை மணி அடிச்சா ஓட்டெடுப்பு, குறைஞ்சது 15 நிமிஷம் குடுப்பாங்க. அஞ்சு தடவை அடிச்சா அஞ்சு நிமிஷ ஓட்டு. செனட் பக்கம் ஒத்தை மணி அடிச்சாதான் ஓட்டு, ரெண்டு மணின்னா அது கோரம் கூப்பிடறது, அதாவது எத்தனை பேர் வந்திருக்காங்கனு கணக்கெடுக்கறது, பெருசா அலட்டிக்க வேணாம். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி ஓடற எங்களுக்கு எந்த பில்டிங்ல நிக்கறோம்னு ஒரு செகண்ட் யோசிச்சுட்டுதான் பயப்படணுமா வேணாமான்னே முடிவு பண்ண முடியும். ஹவுஸ்ல ஒரு ஓட்டோட முடியாது, வரிசையா நாலஞ்சு வெப்பாங்க, 10:30 மீட்டிங் 11:30 ஆயிடும், நம்ம 11:00 மீட்டிங் வேற பில்டிங்ல இருக்கும். ஓட்டு எப்பன்னு முன்கூட்டியே தெரியாதான்னு கேப்பீங்க. மெஜாரிட்டி லீடர் (பெரும்பான்மைக் கட்சியோட சபைத் தலைவர்) ஆஃபீஸ்ல இருந்து அந்த வாரத்து அட்டவணை வரும், தோராயமா இந்த நேரம்னு போட்டிருப்பாங்க, ஆனா யாராவது ஒருத்தர் கடுப்புல எந்திரிச்சு சபையை ஒத்திவைக்கணும்னு ஒரு மோஷன் குடுத்தா போதும், அதுக்கும் எல்லாரும் ஓடி வந்து ஓட்டுப் போட்டாகணும், அன்னிக்கு அந்த பில்டிங்கள்ல இருக்கற எல்லா ஷெட்யூலும் காலி.

தூரத்தைப் பத்தியும் சொல்லணும், புதுசா வர்றவங்க ஷெட்யூல்ல பெரும்பாலும் இங்கதான் இடிக்கும். ஹவுஸ் பக்கம் கேனன், லாங்வொர்த், ரேபர்ன்னு மூணு பில்டிங். செனட் பக்கம் ரஸ்ஸல், டர்க்சன், ஹார்ட். நடுவுல சபை கூடற கேப்பிடல். ரூம் நம்பர் மூணு இலக்கம்னா கேனன், நாலு இலக்கமா இருந்து 1-ல ஆரம்பிச்சா லாங்வொர்த், 2-ல ஆரம்பிச்சா ரேபர்ன், ரெண்டாவது இலக்கம் எத்தனாவது மாடின்னு சொல்லும். இது தெரியாம லாங்வொர்த்ல போய் 2300-ஐத் தேடிக்கிட்டு நிக்கறவங்களை வாரத்துக்கு ஒரு தடவையாவது பாத்துடுவேன். ஹவுஸ் பக்கத்து மூணு பில்டிங்குக்கும் அடியில சுரங்கப்பாதை இருக்கு, ஒரு தடவை செக்யூரிட்டி தாண்டிட்டா உள்ளயே சுத்திக்கலாம், மழை நாள்ல புண்ணியமாப் போகும். ஆனா அங்கருந்து செனட் பக்கம் போகணும்னா கேப்பிடலுக்கு அடியில போற வழி ஸ்டாஃப் பேட்ஜ் இல்லாதவங்களுக்குக் கிடையாது, வெளிய வந்து சுத்திக்கிட்டு நடந்து திரும்ப க்யூல நின்னு திரும்ப பெல்ட்டைக் கழட்டணும். ரேபர்ன்ல இருந்து ஹார்ட்டுக்கு நல்லா நடக்கறவங்களுக்கே 20 நிமிஷம் ஆகும், எங்ககூட வர்றவங்க பாதிப் பேர் அறுபதைத் தாண்டினவங்க. அதனால என் விதி ஒண்ணே ஒண்ணு, காலைல ஒரு பக்கம் மத்தியானம் இன்னொரு பக்கம், அதை எந்த மெம்பருக்காகவும் மாத்தறதில்ல. இந்த விதிக்காகவே சில நல்ல டைமை வேணாம்னு விட்டிருக்கேன், மனசு அடிச்சுக்கும்தான்.

இதெல்லாம் டைம் கிடைச்சப்புறம் வர்ற பிரச்சனை. டைம் கிடைக்கறதுக்கு ஷெட்யூலர்னு ஒருத்தர் இருக்காங்க. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, இங்க அந்தப் பூசாரிக்கு வயசு பெரும்பாலும் இருபத்தஞ்சு கூட இருக்காது. ஹவுஸ் மெம்பர் ஒருத்தர் 18 நிரந்தர ஊழியர்தான் வெச்சுக்கலாம், கூட ஒரு நாலு பேர் பார்ட் டைம் அந்த மாதிரி, அந்த 18-ங்கற கணக்கு 1975-ல இருந்து மாறல, தொகுதி மட்டும் பெருத்துக்கிட்டே போகுது. அந்த 18-லயும் ஒரு பங்கு ஊர் ஆஃபீஸ்ல இருப்பாங்க. வாஷிங்டன்ல இருக்கற மிச்சப் பேருக்கு நடுவுல ஒரே ஒரு ஷெட்யூலர், அவங்க இன்பாக்ஸ்ல என்னை மாதிரி எத்தனை பேர் வரிசை கட்டி நிப்பாங்கன்னு நீங்களே பாத்துக்கங்க. ஒவ்வொரு ஆஃபீஸுக்கும் ஒரு வழிமுறை. ஒருத்தர் வெப்சைட்ல ஃபார்ம் ஃபில் பண்ணுங்கம்பார், ஒருத்தர் பி.டி.எஃப் அனுப்பி அதை நிரப்பி திருப்பி அனுப்பும்பார், இன்னொருத்தர் ஃபார்மே பாக்க மாட்டார் ஈமெயில் மட்டும்தான். ரெண்டு மாசம் முன்னாடி கேட்டா "சீக்கிரம் கேக்கறீங்க, கிட்டத்துல வாங்க"னு பதில் வரும், கிட்டத்துல போனா "ஃபுல் ஆயிடுச்சே"னு வரும். நடுவுல எங்கயோ ஒரு மூணு வாரக் கணக்குல ஒரு நல்ல நேரம் இருக்கு, அதுவும் ஆஃபீஸுக்கு ஆஃபீஸ் மாறும், நான் எல்லாத்தையும் ஒரு ஷீட்ல எழுதி வெச்சிருக்கேன், யாருக்கும் காட்டறதில்ல. ஆனா ஒண்ணு, ஷெட்யூலர் மேல எரிஞ்சு விழறவங்களை எனக்குச் சுத்தமாப் புடிக்காது. மெம்பர் லேட்டா வந்ததுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?

அந்த காலெண்டர்ல நமக்குத் தெரியாத ஒரு பெரிய துண்டு இருக்கு, அதுதான் தேர்தல் பணம். அரசாங்கக் கட்டிடத்துக்குள்ள உக்காந்து தேர்தல் நிதி கேக்கக் கூடாதுனு சட்டம். அதனால நிதி கேட்டு ஃபோன் போடறதுக்கு மெம்பருங்க பக்கத்துல நடக்கற தூரத்துல இருக்கற கட்சி ஆஃபீஸுக்குப் போயிடுவாங்க. ஷெட்யூலர் "அந்த நேரம் அவர் வெளிய இருப்பார்"னு சொன்னா நான் மேல ஒரு வார்த்தை கேக்கறதில்ல. காலைல டிபன் நேரத்துலயும் சாயங்காலமும் நிதி திரட்டற நிகழ்ச்சிகள் வேற, அங்க செக் குடுத்த தேர்தல் நிதிக் கமிட்டிக்காரங்க பக்கத்துல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே அரைமணி நேரம் பேசுவாங்க, மணி அடிச்சாலும் அந்த அரைமணி நேரம் அவங்களுக்கு ஏற்கனவே கிடைச்சாச்சு. எங்க சங்கம் 501சி3, அதாவது வரிவிலக்கு வாங்கின தொண்டு அமைப்பு, தேர்தலுக்கு அஞ்சு பைசா குடுக்க முடியாது, குடுத்தா வரிவிலக்கே போயிடும். சட்டப்படி எல்லாம் சரியாத்தான் நடக்குது, ஆனா நேரத்தை எப்படிப் பங்கு போடறாங்கனு பாத்தா எனக்கு வயிறு எரியும், அதை மறைக்க விரும்பல. இன்னொரு பக்கம், லாபியிஸ்ட் ஒரு ஸ்டாஃபருக்கு (மெம்பர் ஆஃபீஸ் ஊழியருக்கு) மத்தியானச் சாப்பாடு வாங்கிக் குடுக்கக் கூடாது, 2007-ல விதியை இறுக்கிட்டாங்க, கேன்டீன்ல ஒண்ணா நின்னாலும் அவங்க காசு அவங்களுக்கு என் காசு எனக்கு. சாண்ட்விச்சுக்கு இவ்வளவு கட்டுப்பாடு.

எங்க கையில இருக்கற ஒரே சரக்கு ஆளுங்கதான். அந்தத் தொகுதில நிஜமா குடியிருக்கறவங்க. ஃப்ளை-இன்னு சொல்லுவாங்க, டாக்டர், நர்ஸ், கிளினிக் மேனேஜர்னு ஊர்ல இருந்து வரவழைச்சு ஒரே நாள்ல எல்லா ஆஃபீஸுக்கும் கூட்டிட்டுப் போறது. லாபியிஸ்ட் மட்டும் டைம் கேட்டா ரெண்டு வாரத்துக்குப் பதிலே வராது, "உங்க தொகுதி நர்ஸ் ஒருத்தங்க வர்றாங்க"னு ஜிப் கோடோட எழுதினா அன்னிக்கே பதில் வரும். ஆனா வந்தவங்க மெம்பரைப் பாக்கணும்னு வர்றாங்க, அங்கதான் சிக்கல்.

போன தடவை வந்த டாக்டரம்மாவை எடுத்துக்கங்க. விடியக்காலை ஃப்ளைட் புடிச்சு புதுசா ஒரு நீலக் கோட்டு போட்டு வந்திருந்தாங்க. 10:30-க்கு ரேபர்ன்ல போய் நின்னா உள்ள ஒரு சோயா விவசாயிங்க குரூப் உக்காந்திருக்கு, இடமே இல்ல, ஓட்டுக்கான ரெண்டு மணி வேற அடிச்சுடுச்சு. ஹெல்த் விஷயம் பாக்கற ஸ்டாஃபர் ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தோட வெளிய வந்து "தப்பா எடுத்துக்காதீங்க, இங்கயே பேசலாமா"ங்கறான், வாசல்ல வெச்சிருக்கற மாநிலக் கொடி அவன் தோள்ல உரசிக்கிட்டு இருக்கு. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, இந்தப் பொடிப் பயல்கிட்ட பேசவா இவ்வளவு தூரம் வந்தேன்னு. சரின்னு ஆரம்பிச்சாங்க, மெடிகேர்ல டெலிஹெல்த்தை (வீடியோலயோ ஃபோன்லயோ டாக்டரைப் பாக்கறது) நிறுத்தினா எங்க பேஷண்ட் ஒரு ரத்த அழுத்த மாத்திரைக்காக ஒண்ணரை மணி நேரம் கார் ஓட்டிட்டு வரணும், பாதிப் பேருக்கு கார் ஓட்டற வயசும் இல்லைன்னு. அந்தப் பையன் எழுதிக்கிட்டே வந்தவன் சட்டுனு நிறுத்தி, "அதுல வீடியோ இல்லாம வெறும் ஃபோன்ல மட்டும் பேசறவங்க எத்தனை பேர் இருப்பாங்க"ன்னு கேட்டான். டாக்டரம்மா முகம் மாறிடுச்சு. அதுதான் சரியான கேள்வி, ஏன்னா எங்க ஊர்கள்ல இன்டர்நெட்டே சரியா கிடையாது, ஃபோன்ல பேசறதையும் சேத்து எழுதலைன்னா அந்தச் சட்டம் எங்களுக்குப் பிரயோஜனமே இல்ல. அடுத்த கால்மணி நேரம் ரெண்டு பேரும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நின்னபடியே பேசித் தீத்தாங்க, நான் வாயைத் தொறக்கவே இல்ல. மெம்பர் ஓட்டுப் போட்டுட்டு வேகவேகமா வந்து கை குடுத்து, "உங்க ஊர் பாலம் வேலை முடிஞ்சுதா"னு கேட்டு, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டு அடுத்த கமிட்டிக்கு ஓடிட்டார். சங்கத்து நியூஸ்லெட்டர்ல வந்தது அந்த ஃபோட்டோதான். மசோதா வேலைக்கு உதவினது அந்தப் பையனோட நோட்டுப் புத்தகம்.

அதனால நான் இப்பெல்லாம் டைம் கேக்கறப்பவே ஸ்டாஃபரோட 30 நிமிஷம் குடுங்க, மெம்பர் அந்தப் பக்கம் வந்தா சந்தோஷம்னுதான் எழுதறேன். ஷெட்யூலர்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எங்க போர்டு மெம்பர்களுக்குப் பிடிக்கல, வருஷா வருஷம் அவங்களுக்கு இதை விளக்கறதே தனி வேலை. கஷ்டம் என்னன்னா நல்ல ஸ்டாஃபர் நிலைக்க மாட்டாங்க. சம்பளம் கம்மி, ஊர் வாடகை ஜாஸ்தி, நல்லா விஷயம் புரிஞ்ச நேரத்துல ஈமெயில் திரும்பி வந்துடும், "நான் இந்த ஆஃபீஸ்ல இப்ப இல்லை"னு. அப்புறம் புதுசா வந்தவங்களுக்கு மெடிகேர்னா என்னங்கறதுல இருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எலெக்‌ஷன் முடிஞ்சதும் ஹவுஸ் மெம்பருங்க ரூமையும் மாத்திப்பாங்க, புதுசா ஜெயிச்சவங்களுக்கு குலுக்கல்ல ரூம் வரும், ஜனவரில என் ஷீட்ல பாதி ரூம் நம்பர் செல்லாது.

இது சாதாரண வருஷத்துக் கதை. 2023 அக்டோபர் 3-ஆம் தேதி ஹவுஸ் ஸ்பீக்கர் மெக்கார்த்தியை 216-210-னு ஓட்டுப் போட்டு இறக்கினாங்க ஞாபகம் இருக்கா, 25-ஆம் தேதி புது ஸ்பீக்கரா மைக் ஜான்சன் வர்ற வரைக்கும் ஹவுஸ்ல சட்டம் சம்பந்தமா ஒரு வேலையும் நடக்கல. அந்த வாரங்கள்ல ஆளுங்களுக்கு டிக்கெட் போட்டு வெச்சிருந்தவங்க எல்லாம் நாய் படாத பாடு பட்டாங்க. 2025 அக்டோபர் 1-ல, செலவு மசோதா நிறைவேறாம அரசாங்கமே மூடற ஷட்டவுன் ஆரம்பிச்சது, நவம்பர் 12 வரைக்கும் 43 நாள், ஹவுஸ்ல செப்டம்பர் 19-க்கு அப்புறம் ஒரு ஓட்டு கூட வைக்கல. எங்களுக்கு இதுல இன்னொரு இடி, மெடிகேர் டெலிஹெல்த் சலுகையை ஒவ்வொரு தடவையும் அரசாங்கச் செலவு மசோதாவோட ஒட்டிதான் நீட்டிச்சுக்கிட்டு வந்தாங்க, அதனால அரசாங்கம் மூடின அன்னிக்கே அதுவும் காலாவதி. எதுக்காக மீட்டிங் கேக்கறோமோ அது இங்க நின்னு போய்க்கிடக்கு, பேச வேண்டிய ஆளுங்க ஊர்ல இருக்காங்க, இங்க இருக்கற ஸ்டாஃபர்கள் சம்பளம் வராம உக்காந்திருக்காங்க, அவங்ககிட்ட போய் எந்த மூஞ்சியோட டைம் கேக்கறது. ஆனாலும் கேட்டோம், வீடியோ கால்ல பேசினாங்க, பாவம். கடைசில நவம்பர்ல சபை தொறந்தப்ப 2026 ஜனவரி 30 வரைக்கும் நீட்டிச்சாங்க, அதாவது பொங்கல் முடிஞ்ச கையோட திரும்பவும் மொதல்ல இருந்து.

சந்தடி சாக்குல ஒரு விஷயம். லாபியிங் கணக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை குடுக்கணும், எந்த விஷயத்தைப் பத்திப் பேசினோம், ஹவுஸா செனட்டா, எவ்வளவு செலவுங்கறது வரைக்கும். எந்த மெம்பரைப் பாத்தோம்னு அதுல கேக்கறதே இல்ல. வெளிய இருக்கறவங்க இதைக் கேட்டா ஆச்சரியப்படுவாங்க, என்னைக் கேட்டா கேக்கணும்தான். யார் யாருக்கு எத்தனை நிமிஷம் கிடைச்சதுனு வெளிய வந்தா நான் சொல்ற பங்கு கணக்கு எல்லாருக்கும் புரியும்.

இங்க இருக்கற நம்மாளுங்க சில பேர் கிரீன் கார்டு பேக்லாக் பத்தி மெம்பர்கிட்ட பேசணும், எப்படி டைம் வாங்கறதுனு அடிக்கடி என்கிட்ட கேக்கறாங்க, அவங்களுக்காக இதையும் சொல்லிடறேன். வேலை வழியா வர்ற கிரீன் கார்டுல ஒரு நாட்டுக்கு 7 சதவீதங்கற வரம்பைத் தூக்கற மசோதா 2019 ஜூலைல ஹவுஸ்ல 365-65-னு ஜெயிச்சது, செனட் வேற வடிவத்துல நிறைவேத்திச்சு, ரெண்டும் ஒண்ணு சேராமலே அந்தக் காங்கிரஸோட ரெண்டு வருஷக் காலம் முடிஞ்சு போச்சு, அதுக்குப் பின்னாடி இப்படி கதவு கதவா ஏறி இறங்கின சாதாரண ஆளுங்க நிறைய. உங்களுக்கு ஓட்டு இல்லாட்டியும் அந்தத் தொகுதில குடியிருந்தா நீங்க அவங்க தொகுதி ஆள்தான், தயங்க வேணாம். வாஷிங்டனுக்கு டிக்கெட் போடாதீங்க. ஆகஸ்ட்ல சபை லீவு, மெம்பருங்க எல்லாம் ஊர்ல இருப்பாங்க, மணி கிடையாது, ஓட்டு கிடையாது, ஊர் ஆஃபீஸ்ல பார்க்கிங் கூட கிடைக்கும். ஜூலை ஆரம்பத்துலயே ஊர் ஆஃபீஸ் ஷெட்யூலருக்கு எழுதுங்க, வாஷிங்டன் ஷெட்யூலருக்கு இல்ல, பெரும்பாலும் ரெண்டும் வேற வேற ஆள். மொத வரியிலயே உங்க ஜிப் கோடு, ரெண்டாவது வரியில என்ன விஷயம், மூணாவது வரியில யார் யார் வர்றீங்க. பன்னெண்டு பேர் சேந்து கும்பலா போகாதீங்க, நாலு பேர் போதும். அன்னிக்கு மெம்பருக்குப் பதிலா ஒரு சின்னப் பொண்ணோ பையனோ நோட்டுப் புத்தகத்தோட வந்து உக்காந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க, அவங்க பேரும் ஈமெயிலும் வாங்கிட்டு வாங்க, அன்னிக்கு சாயங்காலமே ஒரு நன்றி மெயில் போட்டு நீங்க சொன்ன மசோதாவோட நம்பரை அதுல எழுதிடுங்க.